செம்மரச் செய்தியில் மரத்தைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஜவ்வாது மலை அடிவாரத்தில், திருப்பத்தூர் பக்கம், மானாவாரி நிலம் வைத்திருக்கும் விவசாயி. உங்கள் நாளிதழை முப்பது வருடமாக வாங்கிப் படிக்கிறேன். செம்மரம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கத்தரித்து ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. போன வாரம் அந்த நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. புது நோட்டு வாங்குவதற்கு முன்னால் முதலிலிருந்து ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம் என்று திண்ணையில் உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது மனசு கனத்துப்போய்விட்டது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் செய்தியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. லாரி மடக்கப்பட்டது, இத்தனை டன் செம்மரக்கட்டை பறிமுதல், மதிப்பு இத்தனை கோடி, இத்தனை பேர் கைது. படத்தில் கட்டைகளை அடுக்கிவைத்து அதற்குப் பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கிறார்கள், முன்னால் நாலைந்து பேரைக் குந்தவைத்திருக்கிறார்கள். தேதியையும் ஊர்ப் பெயரையும் விரலால் மறைத்துக்கொண்டால் எது எந்த வருடத்துச் செய்தி என்று ஒட்டிய எனக்கே தெரியவில்லை. நான் அவற்றில் தேடியது ஒன்றுதான்: அந்தக் கட்டைகள் எத்தனை மரத்திலிருந்து வந்தன, அந்த மரங்களுக்கு என்ன வயது, அவை நின்ற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது. ஒரு செய்தியில்கூட அது இல்லை. கட்டை இருக்கிறது, கோடி இருக்கிறது, மரத்தைக் காணோம்.

மரத்தின் நிலைமை ஒன்றும் ரகசியம் இல்லை. உலகத்தில் எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று ஐயுசிஎன் என்கிற பன்னாட்டு அமைப்பு சிவப்புப் பட்டியல் போடுகிறது. செம்மரத்தை அதில் 1990களின் கடைசியிலேயே ‘அருகிய இனம்’ என்று சேர்த்துவிட்டார்கள். 2018இல் ஆபத்து ஓரளவு குறைந்திருக்கிறது என்ற பொருளில் ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்று மாற்றினார்கள். அது நாலு வருடம்கூட நிலைக்கவில்லை. மறுபடி மதிப்பிட்டபோது திரும்பவும் ‘அருகிய இனம்’ என்றே எழுத வேண்டியதாயிற்று. கடந்த மூன்று தலைமுறைக்குள் இந்த மரம் 50 முதல் 80 சதவீதம் வரை குறைந்துபோனது என்கிறது அந்த மதிப்பீடு. தலைமுறை என்றால் நம் தலைமுறை இல்லை, மரத்தின் தலைமுறை. அந்த 80 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். குறைவு 80 சதவீதத்தைத் தொட்டால் அவர்கள் கணக்கில் அடுத்த படி ‘மிக அருகிய இனம்’. அதற்கும் அடுத்த படி, காட்டில் ஒன்றுகூட இல்லை என்பது. அதாவது நாம் ‘மிக அருகிய இனம்’ என்கிற படியின் வாசலில் நிற்கிறோம்.

பட்டியலில் இறங்கியது, மறுபடி ஏறியது என்று இவ்வளவு நடந்திருக்கிறது. என் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் மகள்தான் ஒருநாள் போனில் காட்டினாள்.

இங்கே இல்லாவிட்டால் என்ன, வேறு எங்காவது இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. இயற்கையாக இந்த மரம் வளரும் இடம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா என்று கடப்பை, திருப்பதி, நெல்லூர் பக்கத்து மலைகள், அவற்றை ஒட்டி இன்னும் கொஞ்சம் ஆந்திர மலைக்காடு. தமிழ்நாட்டு எல்லையில் சிதறலாகச் சில இடங்கள். அவ்வளவுதான். சேஷாசலம் என்றதும் ஏதோ தூரத்துக் காடு என்று தோன்றலாம். திருப்பதி ஏழுமலைதான் சேஷாசலம். நம்மில் பாதிப் பேர் வருடத்துக்கு ஒருமுறை மொட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்குகிற மலை அது. 2010இல் அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். அடுத்த தடவை போகும்போது சாமி பாட்டு கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் சரிவைப் பாருங்கள்.

இந்த மரத்தை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு மறக்காது. பட்டை கறுத்து, சதுரம் சதுரமாக வெடித்து, முதலைத் தோல் மாதிரி இருக்கும். நகத்தால் கீறினாலே உள்ளே சிவப்பு எட்டிப் பார்க்கும், ஆழமாக வெட்டுப்பட்டால் ரத்தம் மாதிரி பிசின் வடியும். ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று இலை. பங்குனி சித்திரையில், பாறை தொட்டால் சுடுகிற காலத்தில், சின்னச் சின்ன மஞ்சள் பூ பூத்துச் சில நாளில் உதிர்ந்துவிடும். அப்புறம் காய். வட்டமாகத் தட்டையாக அப்பளம் மாதிரி ஓரத்தில் இறக்கையோடு இருக்கும் அந்தக் காய், மரத்திலேயே கிட்டத்தட்ட ஒரு வருடம் தொங்கி முற்றிக் காய்ந்து காற்றில் பறக்கும். நடுவில் ஒரே ஒரு விதை, அபூர்வமாக இரண்டு. அந்த விதையும் எளிதில் முளைக்காது. சாணிக் கரைசலில் ஊறவைத்து நானே போட்டுப் பார்த்திருக்கிறேன், பத்துக்கு மூன்று நாலு வந்தால் பெரிய விஷயம். பாறை இடுக்கில், மண்ணே இல்லாத இடத்தில், வெயிலிலும் காட்டுத் தீயிலும் ஆடு மாட்டு வாயிலும் தப்பி ஒரு கன்று மரமாவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீடுகளுக்கும் இந்த மரத்துக்கும் உள்ள உறவு பழையது. கொலுப்படியில் முதலில் வைக்கிற மரப்பாச்சி பொம்மை பெரும்பாலும் செம்மரத்தில் செய்தது, திருப்பதிப் பக்கத்திலிருந்து வருவது. என் பாட்டியிடம் ஒரு ஜோடி இருந்தது. மூக்கும் முழியும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். எங்களுக்குக் கை கால் வீங்கினாலோ சூட்டுக் கட்டி வந்தாலோ, பெண் பொம்மையின் அடிப்பாகத்தைச் சந்தனக் கல்லில் ரெண்டு சொட்டு தண்ணீர் விட்டு உரைத்துப் பத்து போடுவாள். கல் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அந்த பொம்மை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், உரைத்து உரைத்துக் கால் தேய்ந்துபோனதால். இன்றைக்கும் அது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை என்று நம்பித் தொட்டிலில் போட்ட மரம், இப்போது அதன் பெயரைச் சொன்னாலே போலீஸ் ஞாபகம் வருகிறது.

என் நிலத்து மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004இல் அறுபது கன்று நட்டேன். நாற்று விற்றவர், பதினைந்து வருடத்தில் ஒவ்வொரு மரமும் லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லித்தான் விற்றார். முதல் மூன்று வருடம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். இப்போது நாற்பத்தொரு மரம் நிற்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடை மழைக் காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. தொடை கனம் இருந்த மரம். வைரம், அதாவது நடுவில் இருக்கும் சிவப்புக் கட்டை, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் சாய்ந்த இடத்திலேயே அடியில் அறுத்துப் பார்த்தேன். சுற்றிலும் வெளிர் மஞ்சளாக வெள்ளைக் கட்டை, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு. பதினெட்டு வருடத்துக்கு இரண்டு விரல். அதுவும் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த தோட்டத்து மரத்தில். பாறையில் தானாக முளைத்து, மழை பெய்தால் குடித்து, பெய்யாவிட்டால் காய்ந்து நிற்கிற காட்டு மரத்தில் ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகிற அளவு சிவப்பு ஏற எத்தனை காலம் ஆகியிருக்கும்? அன்றைக்கு அந்த அறுத்த முகத்தைப் பார்த்தபோதுதான், லாரிப் படங்களில் அடுக்கியிருக்கும் கட்டை ஒவ்வொன்றும் என்னைவிட மூத்தது என்று எனக்கு உறைத்தது.

இன்னொரு விஷயம். பிடிபட்ட கட்டைகளின் படத்தை உற்றுப் பார்த்தால் ஓரத்தில் கோடாலியால் செதுக்கிய தழும்பு தெரியும். வெள்ளைக் கட்டைக்கு விலை இல்லை, அதனால் காட்டிலேயே செதுக்கிப் போட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் எடுத்து வருகிறார்கள். ஆகவே ஒரு டன் பறிமுதல் என்றால் விழுந்த மரம் ஒரு டன் இல்லை, அதைவிட எவ்வளவோ அதிகம். கிளை, வெள்ளைக் கட்டை, சிவப்பு ஏறாததால் பாதி வெட்டிப் போட்டுவிட்டுப் போனது எதுவும் எடைபோடும் தராசுக்கு வருவதில்லை. இதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் ‘மதிப்பு இத்தனை கோடி’ என்று எழுதுவது கடத்துகிறவன் போட்ட விலையை நாமும் திருப்பிச் சொல்வதுதான்.

வெட்டுப்படுவது எந்த மரம் என்பதும் முக்கியம். சிவப்பு நன்றாக ஏறிய முதிர்ந்த மரம்தான் கோடாலிக்கு இரை. அப்படி முதிர்ந்த மரம் இப்போது காட்டில் நிற்பவற்றில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது முன்னே சொன்ன சிவப்புப் பட்டியல் மதிப்பீடு. காய்த்துக் குலுங்குவதும் அந்த மரங்கள்தான். வருடா வருடம் நல்ல நெல்லை எல்லாம் விற்றுவிட்டுப் பதரை விதைக்கு வைத்தால் நாலு போகத்தில் வயல் என்ன ஆகும் என்று விவசாயிக்குத் தெரியும். செம்மரக் காட்டில் நடப்பது அதுதான். அடிமரம் மிச்சமிருந்தால் துளிர்க்கும், உண்மைதான், இந்த மரத்துக்கு அந்த உயிர்ச்சத்து உண்டு. ஆனால் துளிர்த்தது பூத்துக் காய்த்து வைரம் ஏறுவதற்குள் மறுபடி ஒரு கோடாலி வராமல் இருக்க வேண்டுமே.

இவ்வளவும் எங்கே போகிறது? நம் ஊரில் யாரும் செம்மர சோபா போடுவதில்லை. சீனாவில் அரச குடும்பங்கள் காலத்திலிருந்தே இந்தச் சிவப்புக் கட்டையில் நாற்காலி, கட்டில், அலமாரி செய்வது கௌரவம். இன்றைக்குப் பணம் சேர்ந்தவர்கள் அந்த கௌரவத்தை விலைக்கு வாங்குகிறார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு, அலை அலையாக ரேகை ஓடுகிற கட்டையைத் தேடி வாங்குவார்கள். பழைய காலத்தில் துணிச் சாயத்துக்காக ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறியிருக்கிறது. டிராஃபிக் என்கிற வனஉயிர் வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2022இல் வெளியிட்ட குறிப்பில், 2016க்கும் 2020க்கும் இடையில் இந்தியாவிலிருந்து போன 19,049 டன் செம்மரம் ஏற்றுமதி, பறிமுதல் கணக்குகளில் பதிவாகியிருக்கிறது என்று இருந்தது, அதில் பெரும்பகுதி சீனாவுக்கு. இது பதிவான கணக்கு மட்டும். பதிவாகாமல் கப்பல் பெட்டிக்குள் வேறு சரக்குக்கு அடியில் போனது யாருக்கும் தெரியாது.

அடுத்தது, உங்கள் இதழ் உட்பட எல்லோரும் குழப்பிக்கொள்கிற ஒரு இடம். 1995இலிருந்து செம்மரம் சைட்டீஸ் என்கிற பன்னாட்டு வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது, அதாவது அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு போகக் கூடாது. 2004இலிருந்து இந்தியாவின் செம்மர வணிகத்தை அந்த ஒப்பந்தக் குழு தனியாக ஆராய்ந்துகொண்டே இருந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த கூட்டத்தில் அந்த ஆய்விலிருந்து இந்தியாவை விடுவித்தார்கள். அதற்கு முன்பே, 2019இல், பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்யலாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியிருந்தது. ஜெனீவா செய்தி வந்ததும் எங்கள் டீக்கடையில் எல்லோரும், ‘செம்மரம் இனிமேல் ஆபத்தில் இல்லையாம்பா, தடை எடுத்துட்டாங்க’ என்று பேசிக்கொண்டார்கள். தப்பு. தளர்ந்தது வளர்த்த மரத்தின் வியாபாரத்துக்கான கெடுபிடி மட்டும். காட்டு மரத்தின் நிலைமை ‘அருகிய இனம்’ என்பதிலிருந்து ஒரு அங்குலம்கூட நகரவில்லை. சிவப்புப் பட்டியல் காட்டில் தானாக வாழ்கிற மரத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். என் நாற்பத்தொரு மரமும் அந்தக் கணக்கில் வராது, நாடு முழுக்கப் பட்டா நிலத்தில் லட்சம் மரம் நட்டாலும் வராது. வரவும் கூடாது. நான் ஒரே நாற்றங்காலில் வாங்கி வரிசையாக நட்டது தோட்டம். சேஷாசலத்தில் ஒவ்வொரு சரிவிலும் வெவ்வேறு மண்ணுக்கும் வறட்சிக்கும் பழகி வளர்ந்திருப்பது வேறு. அது போனால் என் தோட்டத்திலிருந்து அதைத் திரும்ப உண்டாக்க முடியாது. லங்கமலைப் புதர்க்காட்டில்தான் அற்றுப்போனதாக நினைத்திருந்த ஒரு பறவையை, ஜெர்டான் கல்குருவியை, 1986இல் திரும்பக் கண்டுபிடித்தார்கள். மரத்தோடு சேர்ந்து வாழ்கிறது இன்னும் என்னென்னவோ.

அதற்காக வளர்க்கிறவர்களை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. தோட்டத்து மரம் ஒழுங்காகச் சந்தைக்கு வந்தால்தான் காட்டு மரத்தின் மேல் இருக்கும் பசி கொஞ்சமாவது தணியும் என்று நான் நம்புகிறேன். ஆனால் வளர்த்தவன் படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. சாய்ந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை நிலத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துவர வழி கேட்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். இது எங்கள் மேஜை இல்லை என்றார் ஒருவர். கன்று வாங்கிய ரசீது இருக்கிறதா என்றார் இன்னொருவர், பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ரசீதுக்கு நான் எங்கே போவேன். மூன்றாவது இடத்தில், பேசாமல் அப்படியே போட்டுவையுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்பினார்கள். போட்டுவைத்தேன். இரண்டு மழைக்காலத்தில் வெள்ளைக் கட்டையைக் கரையான் தின்றுவிட்டது, சிவப்பைத் தொடவே இல்லை. இன்னும் வரப்போரத்தில் கிடக்கிறது. நட்டபோது பாராட்டியவர்கள் யாரும் வெட்டும்போது கூட நிற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் செம்மரம் போடலாமா என்று போன வருடம் கேட்டார், எனக்கு வாய் வரவில்லை.

நல்லது நடந்தால் அதையும் சொல்ல வேண்டும். தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் 2025இல் திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் பயன் பகிர்வுத் தொகையாகக் கொடுத்தது. மரத்தை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் கட்டுகிற தொகையில் வளர்த்தவனுக்கும் ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும் என்று பல்லுயிர்ச் சட்டமே சொல்கிறது. இது எப்படிக் கிடைக்கிறது, யாரிடம் பதிய வேண்டும் என்று நீங்கள் அரைப் பக்கம் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவி.

இனி மலைமேல் இருப்பவர்களைப் பற்றி. இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும். ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு பக்கம் சின்ன வயதில் நடந்துபோனால் வாசனை தெருவரைக்கும் வரும். அந்தச் சந்தனம் எங்கள் கண் முன்னாலேயே காலியாயிற்று. இப்போது மலையில் ஒரு கை கனத்துக்குமேல் சந்தன மரம் பார்ப்பது அரிது. சந்தனம் தீர்ந்த பிறகு, மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடி வேறு ஊர் மேஸ்திரிகள் வந்தார்கள். சாமையும் தினையும் புளியும் விற்று வயிறு நிரம்பாத வீடுகளில் முன்பணம் கொடுத்தார்கள். கட்டட வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனதும் உண்டு, தெரிந்தே போனவர்களும் உண்டு.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டு 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் எங்கள் பக்கத்து மலைகளையும் மலையடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேர் பிணமாக மிதந்தார்கள். அதற்கெல்லாம் முன்பு, 2013 டிசம்பரில், அதே சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறையினரை அடித்தே கொன்றார்கள், அவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்த குடும்பஸ்தர்கள்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செத்தவர்களில் ஒருவர்கூட சீனாவில் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் இல்லை. நடுவில் பணம் பண்ணியவர்களின் படம் என் நோட்டில் மிகமிகக் குறைவு. 2016இல் ஆந்திர அரசு வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது, சரி, அது தேவைதான். ஆனால் கடுமை பெரும்பாலும் கோடாலி பிடித்தவன் தலையில் விடிகிறது. 2015க்குப் பிறகு ஒருநாள் ஜமுனாமரத்தூர் சந்தையில் பலாப்பழம் வாங்கும்போது விற்ற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் எங்கே என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். அவர் மரத்துக்குப் போனவர் என்று மட்டும் சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை என் கையில் எண்ணி வைத்தார்.

ஆசிரியர் ஐயா, நான் உங்களிடம் கேட்பது இதுதான். பத்திரிகை சட்டம் போடாது, காடு காக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் எதை எண்ண வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது நீங்கள்தான். இனிமேல் செம்மரம் பறிமுதல் என்று செய்தி வந்தால், மதிப்பு எத்தனை கோடி என்ற வரிக்குப் பதிலாக, வெட்டியது எத்தனை மரம், எந்தச் சரகத்துக் காடு, அங்கே அடிமரங்களை யாராவது எண்ணினார்களா என்று உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால், கேட்டோம், பதில் இல்லை என்றே போடுங்கள். இது அருகிய இனம், உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக இல்லாதது என்று ஒரு வரி ஒவ்வொரு தடவையும் சேருங்கள், சலித்தாலும் பரவாயில்லை. கோடிக் கணக்கையே திரும்பத் திரும்பப் படிக்கிற பையனுக்கு, வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கோடிதான் மனசில் நிற்கும். மேஸ்திரிக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டாம்.

பிடிபட்ட கட்டை அப்புறம் என்ன ஆகிறது என்பதையும் யாராவது தொடர்ந்து எழுதினால் நன்றாக இருக்கும். கிடங்கில் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடப்பது எவ்வளவு, ஏலம் போவது எவ்வளவு, அந்தப் பணத்தில் ஒரு பங்காவது வெட்டப்பட்ட சரிவில் கன்று நடுவதற்கும் தீத்தடுப்புக் கோடு போடுவதற்கும் போகிறதா என்று ஒரு வாசகனாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு, காட்டைக் காவல் காப்பதிலேயே, விதை சேகரிப்பதிலேயே, நாற்றங்காலிலேயே வேலை கொடுக்க முடியாதா என்றும் கேட்டு எழுதுங்கள். அந்த மரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் அவர்களைவிட வேறு யார்?

என் மரங்களில் இந்த மாசி மாதம் காய் நன்றாகக் காய்ந்திருக்கிறது. நேற்று ஒரு சாக்கு நிறையப் பொறுக்கி வைத்தேன். கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை பிள்ளைகளை அனுப்புகிறேன் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். சாணி கரைத்து வைக்க வேண்டும். புது நோட்டும் வாங்கிவிட்டேன், முதல் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஜவ்வாது மலை அடிவாரம், திருப்பத்தூர் மாவட்டம்.